பூமிக்கு வெளியே உயிர் உண்டா? அறிவியலும் மதங்களும் சொல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கோளின் வளையத்தைக் காட்டுவதற்காகப் பள்ளி மைதானங்களில் டெலஸ்கோப் வைக்கும் பழக்கம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. வரிசையில் நிற்பவர்கள் வளையத்தைவிட அதிகமாகக் கேட்பது இன்னொன்றை: "அங்கே யாராவது இருக்காங்களா சார்?" அங்கிருந்து பேச்சு சாமி, பைபிள், குர்ஆன் என்று வளரும். இருட்டில் நின்றபடி பாதி பாதியாகச் சொன்ன பதில்களை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். உயிர் இருக்கிறதா, இல்லையா?

இதுவரை கண்டுபிடிக்கவில்லை. மனிதரைப் போன்ற ஒன்றை மட்டுமல்ல, ஒரு நுண்ணுயிரைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் தேடிப் பார்த்த இடம் மிகக் கொஞ்சம். நம் பால்வீதியில் மட்டும் 10,000 கோடியிலிருந்து 40,000 கோடி நட்சத்திரங்கள் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். பெரிய வயலில் ஒரே ஒரு கதிர் மட்டும் விளைவது எவ்வளவு விசித்திரமோ, எல்லையற்ற வெளியில் ஒரே ஓர் உலகம் மட்டும் இருப்பதும் அவ்வளவு விசித்திரம் என்று சொன்னவர் மெட்ரோடோரஸ் என்ற கிரேக்கர், கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில். விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த உவமை உடனே பிடித்துவிட்டது. அதே சமயம் அதில் ஒரு ஓட்டையும் உண்டு. வயலில் விதை தூவியிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். வானத்தில் உயிரின் விதை எவ்வளவு சுலபமாக முளைக்கும் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. நம்மிடம் இருக்கும் உதாரணம் ஒன்றே ஒன்று, பூமி.

அப்படியென்றால் விஞ்ஞானிகள் எந்த நம்பிக்கையில் தேடுகிறார்கள்?

மூன்று காரணங்கள் சொல்வேன்.

முதலாவது, கோள்கள் அபூர்வமல்ல என்று தெரிந்துவிட்டது. சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை 1995இல்தான் முதன்முதலாகக் கண்டார்கள். கண்டவர்கள் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும். 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள். இப்படி வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைப் புறக்கோள்கள் என்பார்கள்; இப்போது உறுதி செய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000ஐத் தாண்டிவிட்டது.

இரண்டாவது, உயிருக்கான கச்சாப் பொருள்கள் விண்வெளியிலேயே கிடைக்கின்றன. பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் நாசா கொண்டு வந்து இறக்கிய மண் வெறும் 121 கிராம்தான், ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடும். அதில் நம் உடலின் புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. மரபணுவின் எழுத்துகளான ஐந்து வேதிப்பொருள்களும் இருந்தன. மளிகைச் சாமான் இருந்தால் சமையல் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனாலும் சாமான் எல்லா இடத்திலும் கிடைக்கிறது என்பது பெரிய செய்தி.

மூன்றாவது, பூமி பிறந்து சுமார் 454 கோடி வருடம். 350 கோடி வருடத்துக்கு முன்பே இங்கே நுண்ணுயிர்கள் வாழ்ந்த தடயம் பாறைகளில் இருக்கிறது. இவ்வளவு சீக்கிரம் இங்கே தொடங்கியது என்றால் வேறு இடத்திலும் தொடங்கியிருக்கலாம் என்று வாதிடுகிறார்கள்.

செவ்வாயில் உயிர் கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி வந்ததே?

செய்தி வந்தது உண்மை. தலைப்புதான் கொஞ்சம் முந்திக்கொண்டது. நடந்தது இது. 2024 ஜூலையில் நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி, செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்துக்குள் ஒரு காலத்தில் ஆறு வந்து சேர்ந்த பாதையில், ஒரு பாறையைப் பார்த்தது. சுமார் ஒரு மீட்டர் நீளம், அம்புமுனை போன்ற வடிவம், செம்மண் நிறம். கிட்டே போய்ப் படம் எடுத்தால் அதன் மேல் மில்லிமீட்டர் அளவில் வெளிறிய புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் கறுப்பு விளிம்பு. சிறுத்தைத் தோலைப் பார்த்த மாதிரியே இருக்கும். அந்த விளிம்பில் இரும்பும் பாஸ்பேட்டும் இருந்தன. பூமியில் இப்படிப்பட்ட புள்ளிகள் உருவாகும் இடங்களில் பெரும்பாலும் நுண்ணுயிர்களின் வேலை இருக்கும். நுண்ணுயிர் இல்லாமல் வெறும் வேதிவினையாலும் உருவாக வாய்ப்புண்டு.

ஒரு வருடம் ஆராய்ந்து, 2025 செப்டம்பரில் 'உயிரின் தடயமாக இருக்கக்கூடியது' என்று ஆய்விதழில் எழுதினார்கள். 'இருக்கக்கூடியது' என்ற அந்தச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. பாறையில் துளைத்தெடுத்த மாதிரி இன்னும் செவ்வாயில்தான் கிடக்கிறது. இங்கே கொண்டு வந்து ஆய்வகத்தில் பார்க்காமல் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது.

இவ்வளவு எச்சரிக்கைக்குக் காரணம் பழைய சூடு. 1976இல் வைக்கிங் கலங்கள் செவ்வாய் மண்ணில் சத்துநீர் ஊற்றிப் பார்த்தபோது ஒரு சோதனையில் உயிர் இருப்பது போன்ற விளைவு வந்தது. மண்ணின் வேதிக்குணம்தான் காரணம் என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. 1996இல், அண்டார்டிகாவில் கிடைத்த செவ்வாய் விண்கல் ஒன்றில் நுண்ணுயிரின் புதைபடிவம் இருப்பதாக அறிவித்தார்கள். அமெரிக்க அதிபர் கிளின்டனே மைக் முன்னால் வந்து பேசினார். அதுவும் நிலைக்கவில்லை. அதற்கப்புறம் நாசா விஞ்ஞானிகள் 2021இல் ஏழு படி கொண்ட ஓர் ஏணியை முன்வைத்தார்கள்: தடயம் கண்டது முதல் படி; வேறு யாராவது தனியாகச் சோதித்து அதையே சொல்வது மேல் படிகளில் வரும். ஏழாவது படிக்கு இதுவரை எந்த அறிவிப்பும் ஏறியதில்லை.

இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி ஒருவர் கண்டுபிடித்தார் என்றார்களே?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன். சிம்ம ராசி நட்சத்திரங்கள் இருக்கும் திசையில் 124 ஒளியாண்டு தொலைவில் கே2-18பி என்ற கோள் இருக்கிறது. அதன் காற்றில் டைமீத்தைல் சல்ஃபைடு என்ற வாயுவின் சாயல் தெரிவதாக அவர் குழு 2025 ஏப்ரலில் சொன்னது. நம் கடலில் அந்த வாயுவை உண்டாக்குபவை பெரும்பாலும் மிதவை நுண்பாசிகள். அதனால்தான் அவ்வளவு பரபரப்பு.

ஆனால் அவர்கள் கணக்கிலேயே, இது தற்செயலாகத் தெரிந்ததாக இருக்க ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு இருந்தது. கண்டுபிடிப்பு என்று சொல்ல அறிவியல் அதைவிடப் பலமடங்கு உறுதி கேட்கும். அதே தரவுகளை மற்றக் குழுக்கள் ஆராய்ந்தபோது அவ்வளவு வலுவான அறிகுறி கிடைக்கவில்லை. உயிரே இல்லாத ஒரு வால்நட்சத்திரத்திலும் அதே வாயு இருந்திருக்கிறது. மதுசூதன் தோற்றுவிட்டார் என்று இதற்கு அர்த்தமில்லை. சொல்வதும், மற்றவர் அதைக் குடைந்து பார்ப்பதும்தான் இந்தத் துறை நடக்கும் விதம்.

கேரளத்தின் சிவப்பு மழை? இஸ்ரோ பலூனில் பிடித்த பாக்டீரியா?

2001இல் கோட்டயம், இடுக்கிப் பக்கம் ரத்த நிறத்தில் மழை பெய்தது. அதிலிருந்த செந்துகள்கள் வால்நட்சத்திரத்திலிருந்து வந்த உயிரணுக்கள் என்று கோட்டயத்து இயற்பியலாளர் காட்ஃப்ரி லூயிஸ் கருதினார். அரசு சார்பில் ஆராய்ந்தவர்கள் அவை அந்த ஊர் மரங்களில் வளரும் ஒரு பாசியின் வித்துகள் என்று கண்டார்கள். எனக்கு இரண்டாவது விளக்கமே போதுமானதாகப் படுகிறது.

இஸ்ரோ விஷயம் இன்னும் சுவாரசியம். ஹைதராபாத்திலிருந்து பலூன் ஏற்றி, 20 முதல் 40 கி.மீ. உயரம் வரை காற்றைப் பிடித்து வந்து பார்த்ததில், புற ஊதாக் கதிரைத் தாங்கும் மூன்று புதிய பாக்டீரியா இனங்கள் கிடைத்ததாக 2009இல் அறிவித்தார்கள். ஒன்றுக்கு ஆரியபட்டர் பெயரையே வைத்தார்கள். ஆனால் அவை வெளியிலிருந்து வந்தவை என்று இது நிரூபிக்கவில்லை என்பதை இஸ்ரோவே தன் அறிவிப்பில் சேர்த்துச் சொன்னது. வாட்ஸப்பில் சுற்றும்போது அந்த வரி மட்டும் விழுந்துவிடுகிறது.

அறிவுள்ள உயிர்கள் இருந்தால் ஏன் இதுவரை ஒரு தகவலும் இல்லை?

இதையே 1950இல் மதியச் சாப்பாட்டு மேசையில் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி கேட்டார்: எல்லாரும் எங்கே? 1960இல் வானியலாளர் பிராங்க் டிரேக் ஒரு ரேடியோ தொலைநோக்கியை இரண்டு நட்சத்திரங்களின் பக்கம் திருப்பிக் காது கொடுத்தார். அன்று தொடங்கிய தேடலில் இன்றுவரை உறுதியான ஒரு சமிக்ஞையும் இல்லை. 1977 ஆகஸ்ட் 15இல் ஒஹாயோவில் 72 நொடி நீடித்த ஒரு வலுவான ரேடியோ அலை பதிவானது. திரும்பத் திரும்பக் கேட்டும் அது மறுபடி வரவில்லை.

என் எண்ணம் இது: தூரம் ஒரு பக்கம் என்றால், காலம் இன்னும் பெரிய தடை. பூமியில் 350 கோடி வருடம் உயிர் இருந்திருக்கிறது. அதில் ரேடியோ அலையை அனுப்பத் தெரிந்தது கடைசி நூற்றுச் சொச்சம் வருடத்தில்தான். இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே நொடியில் கதவைத் திறந்தால்தான் முகம் பார்க்க முடியும்.

பறக்கும் தட்டுகள்?

வானத்தில் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக விளக்குகள் போகின்றன என்று வீடியோ அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அவை புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். நாசா அமைத்த தனிக்குழு 2023இல் அறிக்கை தந்தது: விளக்கம் கிடைக்காத காட்சிகள் உண்டு, அவை வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவை என்பதற்கு ஆதாரம் இல்லை. 2025 ஜூலையில் கண்டுபிடிக்கப்பட்ட, வேற்றுக்கிரக விண்கலமோ என்று சிலர் பேசிய 3ஐ/அட்லஸும் விண்கலமல்ல, வேறொரு நட்சத்திரக் குடும்பத்திலிருந்து வந்த வால்நட்சத்திரம். அதுவே வியப்புக்குப் போதும்.

"இதையெல்லாம் மாணிக்கவாசகர் அப்போதே சொல்லிவிட்டார்" என்கிறார்களே, சரியா?

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இது. எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வியும் கூட. திருவாசகத்தின் திருவண்டப்பகுதி இப்படித் தொடங்குகிறது:

அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்
அளப்பருந் தன்மை வளப்பெருங் காட்சி
ஒன்றனுக் கொன்று நின்றெழில் பகரின்
நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன
இன்னுழை கதிரின் துன்னணுப் புரையச்
சிறிய வாகப் பெரியோன்

அண்டங்கள் உருண்டைகளாக, நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்து கிடக்கின்றன என்கிறார். அதற்கு மேல் 'விரிந்தன' என்பதைப் பிடித்துக்கொண்டு பெருவெடிப்பு, பிரபஞ்ச விரிவு என்று சொல்லத் தொடங்குகிறார்கள். பாட்டு போகும் திசை அதுவல்ல.

எங்கள் பழைய ஓட்டு வீட்டில் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. காலை வெயில் அதன் வழியாக ஒரு கோலாக இறங்கிச் சமையலறைத் தரையில் விழும். அம்மா முறத்தில் அரிசி புடைக்கும்போது அந்த வெயில் கோலுக்குள் ஆயிரம் தூசிகள் மிதக்கும். கோலுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. மாணிக்கவாசகர் அதைத்தான் காட்டுகிறார். வீட்டுக்குள் நுழையும் கதிரில் தெரியும் அணுக்களைப் போல அத்தனை அண்டங்களும் சிறியனவாகும்படி அவன் பெரியவன் என்கிறார். அண்டங்களின் எண்ணிக்கை அவருக்கு இறைவனின் பெருமையை உணர்த்த ஒரு வழி. அதைத் தொலைநோக்கி அறிக்கையாக்கினால், பாட்டின் உயரம் குறைவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அண்டங்கள் பல என்ற எண்ணம் நம் சமயத்தில் ஊறிப்போனது என்பது மட்டும் நிச்சயம். கந்த புராணத்தில் சூரபத்மன் கேட்டுப் பெற்ற வரமே ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆள்வது. அகிலாண்ட கோடி பிரம்மாண்ட நாயகி என்று அம்மனை அழைக்கிறோம். ஈரேழு பதினான்கு உலகம் என்கிறோம். ஆனால் அந்த உலகங்கள் இத்தனை கி.மீ. தூரத்தில் இருப்பவை அல்ல. உயிர் தன் வினைக்கு ஏற்பப் போய்ப் பிறக்கும் இடங்கள். ராக்கெட் அங்கே போகாது.

இன்னொன்றும் கவனியுங்கள். சிவபுராணத்தில் 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று வரும் பிறவிப் பட்டியலில் மனிதன் கல்லுக்கும் பேய்க்கும் நடுவில் வருகிறான், உச்சியில் இல்லை. அங்கே எங்கோ ஒரு புழுவோ பூடோ கிடைத்தால், அதைப் பாடி வளர்ந்தவர்களுக்கு அதிர்ச்சி ஏதுமிருக்காது.

இஸ்லாம் என்ன சொல்கிறது?

குர்ஆனின் முதல் அத்தியாயமே இறைவனை அகிலங்களின் இறைவன் என்கிறது, பன்மையில். பலர் எடுத்துக்காட்டுவது 42ஆம் அத்தியாயத்தின் 29ஆம் வசனம். வானங்களையும் பூமியையும் படைத்ததும், அவ்விரண்டிலும் உயிரினங்களைப் பரப்பியிருப்பதும் அவனுடைய சான்றுகள். நாடும்போது அவற்றை ஒன்றுசேர்க்கவும் அவன் ஆற்றலுடையவன் என்பது அதன் பொருள். உயிரினம் என்பதற்கு அங்கே வரும் அரபுச் சொல் 'தாப்பா'. நடமாடும் உயிர் என்று பொருள். வானத்தில் உள்ள அந்த உயிர் வானவர்களான மலக்குகள்தானே என்று சிலர் விளக்குகிறார்கள். 16:49 வசனம் தாப்பாவையும் மலக்குகளையும் தனித்தனியாகச் சொல்கிறதே என்பது மறுதரப்பு. ஆக, வேறு இடத்தில் உயிர் இருப்பதற்கு வாசல் திறந்திருக்கிறது, கட்டாயம் நம்பியாக வேண்டிய கொள்கையாக வைக்கவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஜின்கள்தான் ஏலியன்களா என்று பையன்கள் கேட்பார்கள். இல்லை. ஜின்கள் புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத தனிப் படைப்பு. வேறு கிரகத்திலிருந்து வந்தவர்களாக மார்க்கம் சொல்லவில்லை.

கிறிஸ்தவத்தில்தான் சிக்கல் அதிகம் என்கிறார்களே?

சிக்கல் என்பதைவிட, ஆழமான கேள்வி என்பேன். பைபிள் மற்ற உலகங்களில் உயிர் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இடிப்பது மீட்பு என்ற இடத்தில். கிறிஸ்து ஒரே முறை, இந்தப் பூமியில், மனிதராகப் பிறந்து மரித்தார் என்பது அந்த நம்பிக்கையின் மையம். அங்கே இருப்பவர்களுக்கும் அதே மரணம் பொருந்துமா? அவர்கள் பாவத்தில் விழுந்தார்களா? புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரின் தோழர் மெலாங்தன் 16ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் காரணத்தால்தான் பல உலகங்கள் என்ற எண்ணத்தை மறுத்தார்.

எதிர்த்திசையிலும் பழைய குரல்கள் உண்டு. கடவுளால் பல உலகங்களைப் படைக்க முடியாது என்று போதிப்பதை 1277இல் பாரீஸ் ஆயர் தடை செய்தார். கடவுளின் வல்லமைக்கு யார் எல்லை போடுவது என்பதே அதன் அடிப்படை. மற்ற விண்பொருள்களிலும் வாழ்பவர்கள் இருக்கலாம் என்று 1440இல் எழுதிய கூசா நிக்கோலஸ் பிறகு கர்தினாலாக உயர்ந்தார். எண்ணற்ற உலகங்கள் உண்டு என்று எழுதிய இத்தாலியர் ஜியார்தானோ புரூனோவை 1600இல் ரோமில் எரித்ததை மறைக்கவோ மன்னிக்கவோ முடியாது. ஆனால் ஏலியன் நம்பிக்கைக்காக மட்டும் எரித்தார்கள் என்பது முழு உண்மையல்ல. எண்ணற்ற உலகங்கள் என்ற கொள்கையும் குற்றப்பட்டியலில் இருந்தது. திரித்துவம், கிறிஸ்துவின் தெய்வத்தன்மை ஆகியவற்றை மறுத்ததாகவும் சேர்ந்தே இருந்தது.

இந்தக் காலத்துக்கு வருவோம். வத்திக்கானுக்குச் சொந்தமான வானியல் ஆய்வுமையத்தின் இயக்குநராக இருந்த யேசுசபைக் குரு ஃபூனெஸ் 2008இல் வத்திக்கான் நாளிதழுக்குப் பேட்டி தந்தார். வேற்றுலக உயிரைச் சகோதரன் என்று அழைப்பதில் தடையில்லை என்றார். நூறு ஆட்டில் காணாமல்போன ஓர் ஆட்டைத் தேடிப்போகும் மேய்ப்பன் கதை லூக்கா நற்செய்தியில் இருக்கிறதல்லவா, அந்தக் காணாமல்போன ஆடு மனித இனமாகவே இருக்கலாம், மற்ற தொண்ணூற்றொன்பதும் மந்தையிலேயே இருக்கலாம் என்றார். இந்தப் பொருளில் நான் படித்தவற்றில் மனதில் நின்ற பதில் அதுதான். எல்லாச் சபைகளும் இதை ஏற்பதில்லை. வேதத்தில் சொல்லாததை நம்ப வேண்டியதில்லை என்பவர்களும் நிறைய உண்டு.

பௌத்தம், சமணம், யூதம்?

பௌத்த நூல்களில் ஆயிரம் உலகத் தொகுதி, பதினாயிரம் உலகத் தொகுதி என்று வந்துகொண்டே இருக்கும்; அங்கே பல உலகம் என்பது கேள்வியே அல்ல. சமணத்தில் மண்ணிலும் நீரிலும் நெருப்பிலும் காற்றிலும்கூட உயிருண்டு. யூதர்களின் பழைய சமய நூலான தால்முத், இறைவன் 18,000 உலகங்களில் உலவுவதாகச் சொல்கிறது.

நாளைக்கே உயிர் கிடைத்துவிட்டால் கடவுள் இல்லை என்று ஆகிவிடுமா?

ஆகாது. கடவுள் உண்டு என்றும் ஆகாது. செவ்வாய்ப் பாறையில் பாக்டீரியா கிடைத்தால், உயிர் இரண்டு இடத்தில் தோன்றியது என்று (அல்லது இங்கிருந்து அங்கேயோ, அங்கிருந்து இங்கேயோ விண்கல்லில் பயணம் போனது என்று) தெரியும். அதை யார் தோற்றுவித்தது, ஏன் என்ற கேள்விக்கு அந்தப் பாறையில் விடை இருக்காது. ஒரு நாத்திக நண்பரும், திருப்பலிக்குத் தவறாமல் போகும் நண்பரும் என் டெலஸ்கோப் பக்கத்தில் நின்று இதே கேள்வியில் மோதிக்கொண்டதுண்டு. இருவருமே, உயிர் கிடைத்தால் தன் பக்கம்தான் ஜெயிக்கும் என்று நினைத்தார்கள்.

பேசக்கூடிய, யோசிக்கக்கூடிய ஒருவர் கிடைத்தால் கதை வேறு. அப்போது மதங்கள் புதிதாக யோசிக்க வேண்டிவரும். அவர்களிடமும் வழிபாடு இருந்தால் அதைக் கேட்க எனக்கு ஆசை.

வாயேஜர் தட்டில் தமிழ் இருக்கிறதா?

இல்லை. வேற்றுலகத்தார் யாராவது கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று, 1977இல் ஏவிய வாயேஜர் விண்கலங்களில் வைத்த தங்கமுலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு. தமிழும் மலையாளமும் விடுபட்டுவிட்டன. கேட்கும்போது எனக்கும் வருத்தம்தான். வேறொரு நட்சத்திரத்தின் பக்கமாக அது போகவே சுமார் 40,000 வருடம் ஆகும்.

என் பேத்திக்கு எட்டு வயது. "அங்க யாரு தாத்தா இருக்கா?" என்கிறாள். என்ன காட்டுவது?

வியாழனைக் காட்டுங்கள். தெரியும் மாதங்களில் நட்சத்திரங்களைவிடப் பளிச்சென்று, சிமிட்டாமல் நிற்கும். ஒரு சாதாரண பைனாகுலரை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஆடாமல் ஊன்றிப் பார்த்தால் பக்கத்தில் நான்கு சின்னப் புள்ளிகள் வரை ஒரே கோட்டில் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நான்கு நிலாக்கள். அதில் ஒன்று யூரோப்பா. மேலே பனி ஓடு, அடியில் பூமியின் கடல்கள் எல்லாம் சேர்ந்ததைப்போல இரு மடங்கு தண்ணீர் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். 2024 அக்டோபர் 14இல் புறப்பட்ட நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 ஏப்ரலில் அங்கே போய்ச் சேர வேண்டும். உயிரை நேரடியாகப் பிடிப்பது அதன் வேலையல்ல. உயிர் வாழத் தக்க இடமா என்று பார்ப்பதுதான்.

எந்தப் புள்ளி யூரோப்பா என்று அவள் நிச்சயம் கேட்பாள். நான்கும் இரவுக்கு இரவு இடம் மாறும், யூரோப்பா மூன்றரை நாளில் ஒரு சுற்று முடித்துவிடும். அடுத்தடுத்து நான்கைந்து இரவு, பார்த்ததைப் பார்த்தபடி நோட்டில் புள்ளி வைத்து வரையச் சொல்லுங்கள்.